ஜூஜுவாடிக்கு வந்த இத்தாலி போன்

சாவதற்குள் ஒரு தடவையாவது பெரிய மனிதனாக இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். 2008 தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்று எடுத்த முடிவு. அந்தப் பணத்தில் வாஷிங் மெஷின் வாங்கித் தருவதாக என் மனைவி மாதேஸ்வரிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வேறு, முடிவு வேறு.

ஓசூரிலிருந்து பஸ் ஏறி பெங்களூர் போனேன். அங்கே ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது பெல்மோந்தே போன். இத்தாலியில் கோட்டு சூட்டு தைக்கிற கம்பெனியாம். துணி விற்றது போதாதென்று போனிலும் தன் பேரைப் பொறித்துவிட்டான். தங்க முலாம், தோலுறை, தொடுதிரை, அஞ்சு மெகாபிக்சல் கேமரா. கையில் எடுத்த நிமிடம் நான் ஆபரேட்டர் அண்ணாதுரை இல்லை, ஜெனரல் மேனேஜர் அண்ணாதுரை. போனஸ் அங்கேயே கரைந்தது.

வீட்டில், நல்லா வேலை செய்கிறவனுக்கென்று கம்பெனி கொடுத்தது என்றேன். மாதேஸ்வரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொகம் நல்லாத் தெரியுதே" என்று அதிலேயே பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அந்தப் போன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். வெயிலில் திரை தெரியாது. கிரீஸ் படிந்த என் விரலைக் கண்டால் தொடுதிரை அசையவே அசையாது. தமிழில் மெசேஜ் வந்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். விடிய விடிய ஏற்றிய சார்ஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும். ஜூஜுவாடியில் எங்கள் வீடு எல்லை ஓரம் என்பதால் சமையலறையில் தமிழ்நாட்டு டவர், படுக்கையறையில் கர்நாடகா டவர். படுத்துக்கொண்டு பேசினால் ரோமிங். பழைய போனும் அப்படித்தான், ஆனால் அதற்கு இவ்வளவு திமிர் கிடையாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் கம்பெனிக்குள் கேமரா போன் கொண்டுபோகக் கூடாது என்பது பெங்களூரில் மறந்துபோயிற்று. யாரிடம் காட்டலாம் என்று வாங்கினேனோ அவர்கள் உள்ளே, போன் வெளியே. தினமும் ஷிப்ட் முடிகிறவரை அது கேட்டில், செக்யூரிட்டி ராமப்பனின் மேஜை டிராயருக்குள் தூங்கியது. ராமப்பன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் இட்லி வைத்துவிட்டு மாதேஸ்வரி எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, போனு கம்பெனி குடுத்ததுதானே?"

"ஆமா."

"அப்ப போனஸு அப்படியே இருக்குது."

இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தேன். "இருக்குது" என்றேன். வேறு என்ன சொல்ல?

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள மெஷினு வந்துரட்டும். எங்கம்மா காவேரிப்பட்டினத்துல இருந்து அதைப் பாக்கத்தான் வருது."

மாமியார் முன்னால் மானம் போவதைவிடப் போன் போகலாம். பஸ் ஸ்டாண்டு மொபைல் கடைகளில் ஏறி இறங்கினேன். பேர் தெரியாத போன், பேட்டரி கிடைக்காது என்று கால் விலைக்குக் கேட்டார்கள். கடைசியில் ராமப்பன்தான் கைகொடுத்தார். தனக்குத் தெரிந்தவர் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார் என்றார். கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்துவிட்டேன். மீதிப் பாதிக்குச் சொசைட்டியில் லோன். வீட்டில், போனைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது என்றேன். "போனாப் போவுது, உடுங்க" என்று அவள் ஆறுதல் சொன்னாள். எனக்கே பாவமாக இருந்தது.

மெஷின் வந்தது. மாமியார் வந்தார். மெஷின் சுற்றுவதை நாற்காலி போட்டுப் பார்த்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது சமையலறையில் ஏதோ மணியடித்தது. எட்டிப் பார்த்தால் மாதேஸ்வரி காதில் போன். தங்க முலாம், தோலுறை.

பேசி முடிக்கிறவரை காத்திருந்தேன். போனை நோக்கிக் கையை நீட்டினேன்.

"சீட்டுப் பணம் எடுத்தேங்க. ராமப்பண்ணன்கிட்ட சொல்லித்தான் வாங்கினேன்."

"கம்பெனி குடுத்த போன் இல்லைன்னு அவரு எப்ப சொன்னாரு உனக்கு?"

"நீங்க மொதமொதல்ல டிராயர்ல வெச்ச அன்னிக்கே."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. "தெரிஞ்சப்பவே நாலு வார்த்தை திட்டிச் சண்டை போட்டிருக்கலாமே மாதேசு?"

அவள் போனில் முகம் பார்த்து ஒரு முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"சண்டை போட்டிருந்தா ரெண்டுல ஒண்ணுதாங்க கெடச்சிருக்கும்."