வெளியே தெரிந்த ஜன்னல்

ஒரு காட்டில் ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, ஹெலிகாப்டர் மட்டும் இருந்தது. சிங்கராஜா அதில் ஏறித்தான் குடிகளைப் பார்ப்பார். தரையில் போனால் குடிகள் வாயைத் திறந்துவிடும் என்பதால் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவார்.

ஹெலிகாப்டரைக் கழுவித் துடைக்கும் வேலை கோமளி என்ற நீர்நாய்க்கு. அவள் சுத்தக்காரி. பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் நனைத்து எடுத்துவிடுவாள். விட்டால் பெயிண்டை அரித்துவிடும். கதவுக் கீல்களில் மண் தங்க விடமாட்டாள். ஜன்னலில் இருந்தது பிளாஸ்டிக் கண்ணாடி, தூசியோடு துடைத்தால் கீறல் விழும். அதனால் முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை ஓட்டி, பிறகுதான் பருத்தித் துணியைத் தொடுவாள்.

அந்த வருஷம் ஆறு வற்றியது. கோமளியின் அக்காள் குட்டிகள் சேற்றை நக்கிக் கிடந்தன. அரண்மனைக் குளம் மட்டும் தளும்பியது. ஹெலிகாப்டர் கழுவ அதிலிருந்து நாலு குடம் தவறாமல் வந்தது. ராஜா வறட்சியைப் பார்க்கக் கிளம்புகிறார் என்றதும் கோமளி ஜன்னல்களை இரண்டு தடவை துடைத்தாள். கண்ணால் பார்த்தால் குளத்து மதகைத் திறந்துவிடாமலா இருப்பார் என்று நம்பினாள்.

ராஜா பார்த்தார். வெடித்த ஆற்றையும் கரையில் செத்துக் கிடந்த மான்களையும் பார்த்தார். மானைப் பார்த்தும் பசி எடுக்காதது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கொண்டுபோன விருந்து அப்படியே திரும்பி வந்தது. இறங்கியதும் ஆகாயத் துறை அதிகாரி மயிலிடம், பயணம் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மயில் ஹெலிகாப்டரைச் சுற்றி வந்து கோளாறைக் கண்டுபிடித்தது. ஜன்னல் வழியே வெளியே தெரிந்தது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கோமளிக்கு மூன்று பிரதிகளில் நோட்டீஸ் போனது.

கோமளி நேரில் போய் நின்றாள். "ஐயா, ஜன்னல்னா வெளியே தெரியத்தானே செய்யும்?"

"தெரியட்டும். ராஜாவுக்கு எது தெரியணும்னு முடிவு பண்ண நீ யாரு?" என்றது மயில்.

குட்டிகளின் நிலைமையைச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு வேறு படிவம் இருக்கிறது என்ற மயில், அது தீர்ந்துபோய் ஒரு வருஷமாகிறது என்றும் சொன்னது.

அவள் இடத்துக்கு ஒரு கழுதை வந்தது. தேங்காய் நாரும் ஆற்று மணலுமாக, தண்ணீரே தொடாமல், ஒரு வாரம் ஜன்னல்களைத் தேய்த்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஜன்னல்கள் புரை விழுந்த கண் மாதிரி வெளுத்தன.

அடுத்த பயணத்தில் ராஜா வெளியே பார்த்தார். எங்கும் வெள்ளை.

"பனி இறங்குதே," என்றார். விருந்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

வறட்சி தீர்ந்ததாக அன்றே முரசறைந்தார்கள். கழுதைக்குப் பதக்கம், மயிலுக்குப் பதவி உயர்வு. முரசைக் கேட்ட கோமளி, அக்காளையும் மிஞ்சிய இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்தாள். எல்லையில் காவல் நின்ற ஓநாய் நோட்டைப் பிரித்தது. வறட்சிதான் தீர்ந்துவிட்டதே, ஏன் போகிறீர்கள் என்று கேட்டது.

"பிள்ளைங்களுக்கு நீச்சல் மறந்துடக் கூடாதுன்னு," என்றாள் கோமளி. ஓநாய் அதை அப்படியே எழுதிக்கொண்டது.

நீதி: அரசாங்க ஜன்னலை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், வெளியே தெரிகிற மாதிரி மட்டும் துடைக்கக் கூடாது.