விடாத ஜனங்களும் கஸ்பாரின் கழுகும்

‘விட்டால் காட்டுவேன்’ என்றொரு கலைஞர் இனம் உண்டு. பாடுகிறவர்களில் உண்டு, படம் போடுகிறவர்களில் உண்டு, கல்யாண மண்டபத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர்களிலும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். செய்த வேலையைப் பாராட்டிப் பாருங்கள், முகம் சுளிப்பார். “இது ஜனங்களுக்காக. என் சரக்கே வேற” என்பார். அந்தச் சரக்கைப் பார்த்தவர் உண்டா? விட்டால்தானே காட்டுவார்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் படம் போடும் கஸ்பார் இந்த இனத்தில் நன்றாக விளைந்த உருப்படி. மீன்பிடித் தடைக்காலம் என்ற சட்டம் வந்த புதிது; அப்போது அது நாற்பத்தைந்து நாள்தான். படகுகள் கரையேறி வண்ணம் பூசிக்கொள்ளும் அத்தனை நாளும் அவர் கை ஓயாது. முகப்பில் இறக்கை விரித்த கழுகு, பக்கவாட்டில் தாமரை, பின்னால் சினிமா ஹீரோவின் சிரிப்பு என்று போட்டுத் தள்ளிவிட்டு, டீக்கடைக்கு வந்து, பெருமூச்சு விட்டு, கிளாஸைப் பாதியில் வைத்து, கடலை ஒரு பார்வை பார்த்து, “கழுகு போட்டுப் போட்டு என் கையே கலீஜாயிட்ச்சு மாமு” என்பார்.

“அப்போ வேற எதுனா போடேன் நைனா” என்பார் வலை பின்னும் ரகுபதி.

“எங்க வுடறானுங்க?”

பதினோரு வருடமாக இதைக் கேட்டுவரும் மனைவி ஷெர்லினுக்கு மட்டும் சரக்கு நிஜம் என்று தெரியும். அதுதான் அவள் கஷ்டம். வெறும் வாய்வீச்சு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். கல்யாணமான புதிதில் காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் வரைந்த ஒன்றை டிரங்குப் பெட்டியில் புடவைக்கடியில் வைத்திருக்கிறாள். கடலிலிருந்து திரும்புகிறவன் கண்ணில் படும் கரை. எண்ணூர்ப் புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள், கடுகளவில் மாதா கோயில், அதைவிடச் சிறியதாகக் காத்து நிற்கும் ஒரு பெண். அது யார் என்று அவள் கேட்டதில்லை. ஊர் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள், புதுப்படகு வாங்கிய ஞானபாக்கியத்தம்மாளைத் துணிந்து போய்ப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்து மனுஷி, கயிற்றுக்கடை வைத்திருப்பவர். மறுநாளே கஸ்பாரைக் கூப்பிட்டனுப்பினார்.

“படகு முழுக்க உன் இஷ்டம்யா. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். முடிச்சிட்டுச் சொல்லு, போதும்.”

விட்டார்கள்.

முதல் நாள் கஸ்பார் படகைச் சுற்றி நடந்தார். இரண்டாம் நாள் வெயில் சரியில்லை. மூன்றாம் நாள் பிரஷ் சரியில்லை. வண்ணாரப்பேட்டை வரை போய்ப் புதிது வாங்கினார். நான்காம் நாள் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டில் ஷெர்லின் சோற்றைக் குழையவிட்டாள்.

ஆறாம் நாள் காலை தார்ப்பாய் விலகியது. கழுகு. முந்தைய கழுகுகளைவிட இரண்டடி நீளமான இறக்கை. விசில் காதைப் பிளந்தது. நின்ற இடத்திலேயே மூன்று பேர் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

சாயங்காலம் மண்ணெண்ணெயில் கைக்கறையைத் துடைத்தபடி, “பாத்தியா ஷெர்லின், இந்த ஜனத்துக்குக் கழுக வுட்டா இன்னா தெரியும்?” என்றார்.

“யாருங்க கேட்டா கழுக?”

“கேக்கணுமா இன்னா? மூஞ்சியப் பாத்தா தெர்ல?”

அவள் பெட்டியைத் திறந்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள் கண்ணில் படும்படி, வாசற்கதவுக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்துக் காலண்டர் தாளை மாட்டினாள்.

“ஏய், இன்னா பண்ற? அது இன்னும் முடியல.”

“முடிஞ்சி பதினோரு வருசம் ஆவுது.”

வெளியே யாரோ குடத்தோடு வரும் சத்தம். கழுகு போட்டு ஊரையே விசிலடிக்க வைத்த மனிதர், ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறதே, ‘நேரம் வரட்டும், ஆட்கள் விடட்டும்’ என்று மூடி வைத்தது. யார் விடவில்லை என்று சொல்வதற்கு முன், எழுந்துபோய் வாசற்கதவைப் பாருங்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?