மலைக்காட்டுச் செடிக்கு ஒரு திருத்தம்

இந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஒரு ஜீவனாவது வேண்டும் என்று தீர்மானித்தேன். அன்று சாயங்காலமே ஒரு தொட்டிச் செடியோடு வீட்டுக்கு வந்தேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் பிழையில்தான் என் பிழைப்பு. செடி முதலாளியுடையது. ஒரு மாதம் வெளியூர் போகிறார். "கண்ணுக்குக் கண்ணாப் பார்த்துக்கய்யா. வந்ததும் தலைமைத் திருத்துநர் யாருன்னு முடிவு பண்ணணும்" என்று சொல்லி, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ரயிலுக்கு ஓடினார். அந்த நாற்காலிக்காகப் பதினேழு வருஷமாகக் காத்துக் கிடக்கிறேன். செடி பிழைத்தால் நாற்காலி. செடி போனால் நானும் போனேன்.

செடி முழுக்க ரோமம். தண்டில், இலையில், மொட்டின் கழுத்தில்கூடப் பட்டுப்போல மெல்லிய ரோமம். என் தலையில் இல்லாததெல்லாம் அதன் இலையில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

தொட்டியில் முதலாளி கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு: 'மலைக்காட்டுச் செடி. பல ஆண்டு இருக்கும்.'

சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து, 'லை'யை அடித்து 'ழை' போட்டேன்.

"அதை எதுக்குங்க திருத்துறீங்க?" என்றாள் மனைவி.

"முதலாளிக்கு 'ழ' வாயிலயும் வராது, கையிலயும் வராது. போன வாரம்கூட 'நகரில் பலத்த மலை'ன்னு எழுதிக் கொடுத்தார். இது மழைக்காட்டுச் செடி."

"மலை நிஜமாவே மலையா இருந்தா?"

"எப்படி இருக்கும்? அவர் மலைன்னா மழை."

"அப்ப மலையைப் பத்தி எழுதணும்னா என்ன எழுதுவார்?"

யோசித்தேன். தலை சுற்றியது. "அப்பவும் மலைன்னுதான் எழுதுவார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்! பிழை திருத்துறது நானா, நீயா?"

"நீங்கதாங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மழைக்காடு என்றால் சும்மாவா? பூவாளி வாங்கினேன். காலையில் மூன்று மழை, மாலையில் நான்கு மழை. இடி இல்லாமல் என்ன மழை என்று தகர டப்பாவையும் தட்டினேன். மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் காய்ந்த துணிகளை அவசரமாக உள்ளே எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப் போட்டது. மழை போதவில்லை என்று வாளிக்கு மாறினேன். நான்காம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், செடி விறைப்பாக நிமிர்ந்து நின்றது! தொட்டி அதேதான், சீட்டும் அதேதான், ரோமமும் இருந்தது. இலை மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

"பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேங்க" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

பத்தாம் நாள் இலை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. மூன்றாம் வாரம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்வீட்டுக்குக் குடிபோகப் பார்த்தது.

"ஏண்டி, இதுல கொடி எப்ப வந்துச்சு?"

"மழைக்காட்டுல வெளிச்சம் தேடி மேல ஏறத்தானே செய்யும்?"

"ஆமா... ஏறும். ஆனா முடியெல்லாம் கையைக் குத்துதே? வந்தப்ப பட்டு மாதிரி இருந்துச்சு."

"வயசானா தாடி முரடாகாதா?"

அதுவும் சரிதான். அது எப்படிச் சரி என்றுதான் புரியவில்லை. இரண்டு நாள் கண்ணாடியில் என் தாடியைத் தடவிப் பார்த்துக் குழம்பினேன். மஞ்சளாக, கையகலத்தில் ஒரு பூ மலர்ந்ததும் குழப்பமெல்லாம் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

முதலாளி வந்தார். பால்கனியில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"உங்க செடிதான் முதலாளி! எப்படி வளர்த்திருக்கேன் பாருங்க!"

"இது பூசணிக்கொடிய்யா! என் செடி எங்க?"

எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. பதினேழு வருஷமும் கண்முன்னே வழுக்கிக்கொண்டு போனது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது மனைவி சமையலறையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியோடு வந்தாள். அந்தப் பக்கம் நான் தலைகாட்டியே பல காலம் ஆகிறது. தொட்டியில் அந்தப் பழைய செடி, பட்டு ரோமத்தோடு, ஊதாப் பூக்களோடு நின்றது.

முதலாளி அதைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். "காய்ஞ்ச மலையில வளர்ற செடிம்மா இது. தண்ணி கூடினா அலுகிடும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கதான் 'மலை'ன்னு எழுதியிருந்தீங்களே. இவர் ஊத்துற ஊத்துக்குப் பூசணிதான் தாங்கும். பாத்திரம் கழுவுற இடத்துல தானா முளைச்சிருந்ததை நட்டு வெச்சேன்."

முதலாளி பூசணித் தொட்டியின் சீட்டைக் குனிந்து பார்த்தார். சிவப்பு மை கரைந்து வழிந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் பூசணிப் பூவைப் பார்த்தேன்.

"இருக்கிறதை இருக்கிறபடி படிக்கிற ஆள்தான் எனக்கு வேணும்" என்றார். "திங்கட்கிலமையே வேலைக்கு வந்துடும்மா."

இப்போதெல்லாம் நான் எழுதுவதும் திருத்துவதும் தலைமைத் திருத்துநர் மேஜைக்குப் போய்த்தான் அச்சுக்குப் போகும். இந்தக் கதையும் போனது. நான் எழுதிய முடிவில் ஜெயித்தது நான்தான். அவள் அதை அடித்துவிட்டாள்.