இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது அதிரசம்

எட்டு லைன் குடியிருப்புக்கும் எட்டுக் குவியல் வைத்து முடித்த பிறகும் ஏசுபாதம் மேஸ்திரியின் கையில் ஓர் அதிரசம் மிச்சமிருந்தது.

கூட்டம் முழுவதும் அவருடைய மீசையைப் பார்த்தது.

தங்கவயலுக்கு மின்விளக்கு வராத காலம். வட ஆர்க்காட்டை விட்டு வந்த சனம், கிறிஸ்துமஸ் அன்று நந்திதுர்க் சுரங்கத்துத் தகரக் கோவில் வாசலில் கூடி, ஊர் வெல்லத்தில் சுட்ட அதிரசத்தைக் கடிக்கும். ஒரு வாய்க்குள் பிறந்த ஊரே வந்துவிடும். எவ்வளவு நல்ல நாட்கள்! ஆனால் பங்கு போட்டு மிஞ்சும் இரண்டு மூன்றுக்காக ஆண்டுதோறும் அடிதடி. போன வருஷம் சிரிலுக்கு ஒரு பல் போயிற்று.

அதனால்தான் மேஸ்திரி மண்டையை உடைத்துக்கொண்டு ஓர் எண்ணைப் பிடித்திருந்தார்.

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது! ஒண்ணுலேர்ந்து பத்து வரிக்கும் எதால வகுத்தாலும் மீதியே வராது. இத்தவிட சின்ன நம்பர் எதுக்கும் அந்த யோக்கியதை கெடையாது. ஒண்ணு மிஞ்சினாலும் மீசைய எடுத்துடறேன்!"

வீட்டிலும் சுரங்க ஷாஃப்டிலும் ஒரு மாதமாக இதே பேச்சு. மேஸ்திரி வேலை கிடைத்த அன்று வளர்க்கத் தொடங்கிய மீசை அது. அது போனால் ஷிப்டில் ஒருத்தனும் மதிக்கமாட்டான் என்று அவருக்கு உள்ளூரப் பயம். அதிரசம் சுட்டு எண்ணி வைத்தவள் அவர் மனைவி லூயிசா. அவள் கணக்குத் தப்பாது.

"இன்னா மேஸ்திரியாரே, மிஞ்சிக்கீதே!" என்றான் பல் போன சிரில்.

"குவியல் போட்டவன் கை தப்பிடுச்சு. பக்கத்து ஊரிகம் சுரங்கத்துலேர்ந்து வந்த விருந்தாளிங்களுக்கும் ஒரு பங்கு. ஒம்போதா பிரிங்க!"

கலைத்துப் பிரித்தார்கள். ஒன்று மிஞ்சியது. பங்கு குறைந்த எட்டு லைனும் முணுமுணுத்தது.

விறகு வண்டி ஓட்டி வந்த பூதிகோட்டைக்காரர்களை மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பத்துக் குவியல். மறுபடியும் ஒன்று மிஞ்சியது. இப்போது எல்லாரும் வாய்விட்டே கத்தினார்கள்.

மேஸ்திரி சட்டென்று அதை வாயில் போடப் போனார். சிரில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல மீசை. அப்பறமா துன்னுங்க!"

நாவிதர் துரை கத்தியோடு தயாராக நின்றார்.

அந்த வருஷம் அடிதடி நடக்கவில்லை. சிரித்தே களைத்துப்போனார்கள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மேஸ்திரி வீடு வந்து சேர்ந்தார்.

"நீதானே எண்ணி வெச்சே லூயிசா? எப்படிப் பிரிச்சாலும் ஒண்ணே ஒண்ணு மிஞ்சுதே, எப்படி?" அழாத குறையாகக் கேட்டார்.

லூயிசா துண்டை மெல்ல விலக்கி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதால வகுத்தாலும் மீதி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மேல ஒண்ணு சேத்து வெச்சேன். ஆர்க்காட்டுல என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அந்த மொகத்த இன்னொரு தபா பாக்கணும்னு ஆசையா இருந்திச்சு."