இடக்கை, ஒன்றரைச் சுற்று

கெல்சென்கிர்ச்சன்
14.06.2007

பாசமும் மரியாதையும் நிறைந்த கிருஷ்ணசாமி அண்ணைக்கு,

உங்கள் ஒரே தங்கை பாலாம்பிகை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மச்சான் முருகேசுவும் பிள்ளை தேனுஜாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே ஆஹென் நகரில் நீங்களும் வனஜா மச்சாளும் நல்ல சுகமென்பதை, நீங்கள் தொலைபேசியை வைக்கிற வேகத்திலிருந்தே அறிந்து மகிழ்ந்தேன். இன்று காலையிலிருந்து மூன்று தரம் எடுத்துவிட்டேன். என் குரலைக் கேட்டதும் மூன்று தரமும் டொக்கென்று வைத்தீர்கள். கடைசித் தரம் உங்களுக்குப் பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்டது. தங்கச்சி இங்கே சாப்பாடு இறங்காமல் கிடக்கிறாள், நீங்கள் அங்கே தொலைக்காட்சியில் பகிடி பார்க்கிறீர்கள். பரவாயில்லை. கடிதத்தை டொக்கென்று வைக்க முடியாது. கிழித்துப் போடத்தான் முடியும், அதற்கும் முதலில் உறையைத் திறக்க வேண்டும், திறந்தால் உங்களால் வாசிக்காமல் இருக்க முடியாது, உங்களை எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் தேனுஜாவுக்குக் கோயிலில் தாலி கட்டு. தாய்மாமன் நீங்கள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய பிள்ளை. நீங்களோ, "ஜேசுரட்ணம் வாற மண்டபத்துக்கு நான் வரமாட்டன், என்ரை தங்கச்சியே திட்டம் போட்டு அவன்ரை கையைப் பிடிக்க வைச்சவள்" என்று மச்சாள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் திட்டம் போட்டது உண்மை. ஆனால் நான் போட்ட திட்டம், நீங்கள் இரண்டு பேரும் கையைப் பிடிக்காமல் இருப்பதற்கான திட்டம்!

பதிவுத் திருமண விருந்தில் ஆடி, நீங்கள் "குரங்காட்டம்" என்று சொன்ன அந்த ஆட்டத்தின் பெயர் கொன்ட்ரா. பிளோறன்ஸ்தான் என்னை முதலில் தேவாலய மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஜேசுரட்ணத்தாரின் மனைவி என்பதற்காக, முதியோர் இல்லத்தில் என்னோடு இத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்கிறவளை நான் பகைக்க ஏலுமா? சோடி சோடியாக எதிரும் புதிருமாக இரண்டு நீள வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு சோடியும் பக்கத்துச் சோடியோடு சேர்ந்து கைபிடித்துச் சுற்றி, இடம் மாறி, ஒரு தொகுதி ஆடி முடிப்பார்கள். முடிந்ததும் ஒரு சோடி வரிசையில் மேலே போகும், மற்றது கீழே போகும், அடுத்த சோடியோடு அதே ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும். நடக்கத் தெரிந்தால் போதும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் முன்னால் நின்று கூவிக்கொண்டே இருப்பார். கூவிக்கொண்டிருந்த மனுசன் ஹம்பேர்க்குக்கு வீடு மாறிப் போனதும், வயலின் வாசிக்கிற ஹெல்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ஒலிவாங்கி பழுதான அன்று நான் பிளோறன்ஸை மண்டபத்தின் மற்றத் தொங்கலுக்குக் கூப்பிட்டதைக் கேட்டாராம். அண்ணை, சின்ன வயதில் "பெட்டைச் சத்தம் றோட்டுக்குக் கேக்குது" என்று எனக்கு எத்தனை குட்டுக் குட்டியிருப்பீர்கள்! அதே சத்தத்துக்கு ஜெர்மன்காரர் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள்.

கூவுவதோடு நின்றிருக்கலாம். புது ஆட்டம் எழுத ஆசைப்பட்டதுதான் என் சனி. பாட்டு ஒரு சுற்று முடிகிற அதே இடத்தில் ஆட்டமும் முடிய வேண்டும். ஆண் பெண் எல்லோரும் தங்கள் தங்கள் சோடியோடு இருக்க வேண்டும். சோடிகள் ஓர் இடம் நகர்ந்தும் இருக்க வேண்டும். நான் முதல் எழுதிய ஆட்டத்தின் முடிவில் எல்லோரும் அடுத்தவர் மனைவியோடு போய் நின்றார்கள். அடுத்ததில் ஒருவருமே நகரவில்லை, அதே நாலு பேர் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தலைசுற்றித் தரையில் இருந்துவிட்டார்கள். அப்படியெல்லாம் அடிபட்டுப் பழகின பிறகுதான், தேனுஜாவும் மாப்பிள்ளை அபிராமும் பதிவுத் திருமணத்தன்று மாலை விருந்துக்குப் புதிதாக ஓர் ஆட்டம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். "தேனுஜா வீடு மாறுகிறாள்" என்று பெயர் வைத்து, குசினி மேசையில் போத்தல்களை வரிசையாக அடுக்கி, நகர்த்தி நகர்த்தி எழுதினேன். நீங்கள் மிளகுப் போத்தல், காரணம் சொல்லத் தேவையில்லை. மச்சாள் சீனி. ஜேசுரட்ணத்தார் உப்பு, பிளோறன்ஸ் மஞ்சள். எல்லாம் சரியாக வருகிற நேரத்தில் உங்கள் மச்சான் அவித்த முட்டையோடு வந்து, ஜேசுரட்ணத்தாரைத் தூக்கி முட்டையில் இரண்டு உதறு உதறி, உங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"ஐயோ, ஜேசு அண்ணையை ஏன் அங்கை வைச்சனீங்கள்? இனி அடிபிடிதான் வரப்போகுது!" என்று கத்தினேன்.

"நான் உப்பெண்டெல்லோ நினைச்சன்" என்றார் மனுசன்.

உங்கள் கோபத்தை நான் மறந்தவள் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னர் தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பெற்றோருக்கான சங்கீதக் கதிரை. கடைசிக் கதிரைக்கு நீங்களும் பிளோறன்ஸும். கசெற்றுக்குப் பக்கத்தில் ஜேசுரட்ணத்தார். நீங்கள் கதிரையின் முதுகுப் பக்கம் போன நேரம் பார்த்து அவர் பாட்டை நிறுத்தினார், பிளோறன்ஸ் அதில் இருந்துவிட்டாள், பரிசு ஃபிளாஸ்க்கும் அவளுக்கே போனது. அகதி முகாமில் ஒரு அறையில், ஒரு சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பேர் ஒரு ஃபிளாஸ்க்கால் பிரிந்தீர்கள். அன்று தொடக்கம் பிறந்தநாளா, செத்தவீடா, எங்கே போனாலும் உங்கள் இருவரையும் எந்தெந்த மூலையில் இருத்துவது என்பதே எங்கள் குடும்பத்துக்கு முழுநேர வேலையாகப் போய்விட்டது. அதனால்தான் போத்தல்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன். வரிசையில் ஒரே பக்கமாகப் போகிற சோடிகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. முன்னால் போகிற சோடி தொங்கலுக்குப் போய்த் திரும்பி வரும்போதுதான் எதிர்ப்படும். ஆகவே உங்களை முன்னுக்கும் அவர்களை நன்றாகப் பின்னுக்கும் விட்டு, நீங்கள் திரும்பி வருவதற்குள் பாட்டை நிறுத்துவதென்று தீர்மானித்தேன். அதுவும் நீங்கள் ஆட வந்தால்தானே! நீங்கள் ஆட வரவே மாட்டீர்கள் என்றுதான் நம்பியிருந்தேன்.

வந்தீர்கள். ஒருவரும் கேட்காமலே மச்சாளை இழுத்துக்கொண்டு வந்து நின்று, "இதிலை வெல்லுறது ஆர்?" என்று கேட்டீர்கள்.

"ஒருத்தரும் வெல்லுறேல்லை, அண்ணை."

"பிறகென்னத்துக்கு ஆடுறியள்?"

நான் ஹெல்காவைப் பார்த்து வயலினைத் தொடங்கச் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் எல்லாம் போத்தல் நகர்ந்தது போலவே நகர்ந்தது. நீங்கள் ஒவ்வொரு சோடியையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு கீழே கீழே போனீர்கள், அவர்கள் உங்களுக்குப் பின்னால் வந்தார்கள். ஒருமுறை ஜெர்மனிலும் ஒருமுறை தமிழிலும் கூவிக் கூவி எனக்குத் தொண்டை வறண்டது. அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து மீன் ரோல்ஸ் வந்தது. ஆட்டத்தின் நடுவில் வரிசையை விட்டுப் போகக்கூடாது என்று முதலிலேயே இரண்டு பாஷையிலும் சொன்னேன். யார் கேட்டது? முதலில் மல்லிகாவும் புருசனும் போனார்கள். பிறகு, சூடாக இருக்குதாம் என்று அவளே கூப்பிட்டு இன்னும் இரண்டு சோடி போனது. வரிசை சுருங்கிவிட்டது, அண்ணை. என் கணக்கில் நீங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் தொங்கலுக்குப் போய்த் திரும்பியே விட்டீர்கள். உங்களுக்கும் ஜேசுரட்ணத்தாருக்கும் இடையில் ஒரேயொரு சோடிதான் மிச்சம். நான் ஹெல்காவைப் பார்த்தேன். கடைசியாக ஒருமுறை என்றால் ஒரு விரலைக் காட்டுவது எங்கள் வழக்கம். உடனே நிறுத்து என்பதற்கு எங்களிடம் சைகையே இல்லை, யாரும் அப்படி நிறுத்துவதில்லை. பதற்றத்தில் கையை நன்றாக விரித்துக் காட்டினேன். ஹெல்கா ஐந்து விரலையும் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். இன்னும் ஐந்து முறை!

அடுத்து நடந்ததை மண்டபம் முழுக்கப் பார்த்தது. நீங்கள் கல்லாய் நின்றீர்கள், அவரும் கல்லாய் நின்றார், பாட்டு மட்டும் ஓடியது. ஹெல்காவின் தாயார், இடுப்பெலும்பு மாற்றிய மனுசி, வந்த வேகத்தில் உங்கள் முதுகில் மோதினார். அபிராமின் பெரியப்பா தன் மனைவியென்று நினைத்து அபிராமின் வேலைத்தல முதலாளியைக் கட்டிப்பிடித்தார். மாப்பிள்ளை பெண்ணைத் தேடி வேறு வரிசைக்குப் போய்விட்டார். கூவுகிறவளுக்கு என்ன வேலை? நான் கூவினேன். "அண்ணை! இடக்கை! ஜேசு அண்ணையின்ரை இடக்கையைப் பிடியுங்கோ! ஒண்டரைச் சுத்து! விடாதேங்கோ, சுத்துங்கோ!" ஒலிவாங்கி வாய்க்கு முன்னாலேயே பூட்டியிருந்ததை அந்த நேரம் மறந்துபோனேன், அதற்கு மன்னிக்க வேண்டும். நீங்களும் பிடித்தீர்கள். சுற்றினீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பிறகு பிளோறன்ஸோடும் ஒரு சுற்று. பாட்டு முடிந்ததும் ஒரு பிடி சோறும் சாப்பிடாமல் மச்சாளைக் காரில் ஏற்றினீர்கள். "அண்டைக்கு அவன் பாட்டை வேணுமெண்டு நிப்பாட்டினான், இண்டைக்கு இவள் வேணுமெண்டு நிப்பாட்டேல்லை" என்று நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்று கத்தியது, என் சத்தத்தையும் விடப் பெரிதாகக் கேட்டது. நமக்கு ஒரே தகப்பன்தானே.

இடக்கையைத் தந்து அவன் உங்களை அவமதித்துவிட்டானாம். அண்ணை, இடக்கை நான் எழுதியது. வலக்கை அடுத்ததாகச் சோடியைப் பிடிப்பதற்கு வேண்டும், அதனால்தான் ஆண்கள் இடக்கையால் சுற்ற வேண்டும். அவர் இடக்கையைத் தந்தார் என்றால் நீங்கள் என்ன காலையா கொடுத்தீர்கள்? நீங்களும் இடக்கையைத்தான் கொடுத்தீர்கள். அவமானம் சரிசமம். ஒருவருக்கொருவர் ஒன்றும் பாக்கியில்லை.

எனக்கு எழுத எழுதக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. பனி கொட்டின நாளில் விமான நிலையத்தில், உங்களுக்கிருந்த ஒரேயொரு கோட்டையும் கழற்றி எனக்குப் போட்டுக் கூட்டிவந்த நீங்கள், என் பிள்ளையின் கல்யாணத்துக்கு வராமல் விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால் இதோ என் வாக்கு. இனி ஆட்டம் எழுதுவதுமில்லை, கூவுவதுமில்லை. ஒலிவாங்கியை ஹெல்காவிடம் கொடுத்துவிட்டேன். போத்தல்களை அலுமாரியில் ஏற்றிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. ஜேசுரட்ணத்தாரைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஒரு கதிரையில் இருத்துவேன். கதிரை என்ற சொல்லுக்கும் மன்னிக்க வேண்டும். நீங்கள் வந்தால் மட்டும் போதும்.

முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளில் ஒரு சொட்டுப் பொறுமையையும் தரட்டும். மச்சாளுக்கு என் அன்பு. அவவின் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

உங்கள் சத்தக்காரத் தங்கை
பாலாம்பிகை

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் பிளோறன்ஸ் தொலைபேசி எடுத்தாள். "அம்பிகை, எங்கட ஃபிளாஸ்க் உங்கை இருக்கே? காலமையிலை இருந்து காணேல்லை. இவரும் வேலைக்கெண்டு போனவர், அங்கை கேட்டால் லீவாம்." உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் திரும்பவும் எடுத்தாள். உங்கள் வீட்டுக்கு எடுத்தாளாம், மச்சாள் எல்லாம் சொன்னாவாம்.

ஜேசுரட்ணத்தார் விடியவே ரயிலேறி ஆஹெனுக்கு வந்து, அந்த ஃபிளாஸ்க்கை உங்களுக்கு முன்னால் மேசையில் வைத்தாராம். நீங்கள் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை என்ன?" என்று கேட்டீர்களாம். "தேத்தண்ணி." "சீனி போட்டதோ?" பதினொரு வருடம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. நாங்கள் செத்தவீட்டில்கூட மூலை தேடி அலைந்ததெல்லாம் இதற்குத்தானா? நான் கடைசித் தரம் எடுத்தபோது பின்னால் சிரித்தது தொலைக்காட்சி இல்லை, அந்த மனுசன்! என்னோடு பேச நேரமில்லாமல் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் மச்சாள் சொல்லிவிட்டா. அவவின் மிளகையும் உப்பையும் மேசையில் அடுக்கி வைத்து, என் ஆட்டத்தில் பிழை பிடித்துக்கொண்டு இருந்தீர்களாம். ஒன்றரைச் சுற்று காணாதாம், இரண்டு சுற்று வேண்டுமாம். கடைசியில் ஒரு சோடி வெல்லவும் வேண்டுமாம். குறை சொல்லச் சொல்ல ஒற்றுமை கூடி, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிட்டீர்களாம்.

ஆகவே மேலே எழுதின வாக்கு ஒன்றும் செல்லாது. ஆனாலும் கடிதத்தை அனுப்புகிறேன், வாசித்து வெட்கப்படுங்கள். தூணுக்குப் பின்னால் யாரும் இருக்கத் தேவையில்லை. ஹெல்காவிடம் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கப் போகிறேன். போத்தல்களும் அலுமாரியிலிருந்து இறங்கிவிட்டன, உங்கள் மச்சான் இன்று உப்பில்லாமல் முட்டை சாப்பிடுகிறார். ஆட்டத்தில் மட்டும் ஓர் அடியும் மாற்ற மாட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றினால் இரண்டு பேரும் முதலில் நின்ற இடத்திலேயே போய் நிற்பீர்கள், இத்தனை வருடம் நின்ற மாதிரி. அந்த அரைச் சுற்றுத்தான் ஆளை மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஆவணியில் இரண்டு பேரும் ஒரே காரில் வந்து சேருங்கள். தேனுஜாவை மணவறைக்குக் கூட்டி வரும்போது மட்டும் வலக்கை, அண்ணை.