மூச்சைக் கவனித்துக்கொண்டே குடிபோன கதை

நிதானம் என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை கையைத் தூக்குவதற்கு முன்பே கழுத்தை நீட்டியவள் நான். (வீடியோவில் இருக்கிறது. அழிக்கச் சொல்லியும் யாரும் அழிக்கவில்லை.) அப்படிப்பட்டவள், விழுப்புரம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திண்டிவனத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிபோகும் சமயமாகப் பார்த்து, போனில் ஒரு தியான ஆப்பை இறக்கிக்கொண்டேன். செய்யும் வேலையில் மட்டும் மனதை வை, மூச்சைக் கவனி என்று ஒரு பெண் குரல் அதில் காதோடு பேசும்.

பேசியதன் பலன், ஒரு காலை முழுக்க ஒரே ஒரு டம்ளரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கலா, நீ அந்த டம்ளரை உணர்ந்துகினு இரு. மீதி வூட்டை நான் கட்டிடறேன்" என்றார்.

எனக்கு இருந்த கவலை வீட்டைப் பற்றியது அல்ல, மாமியாரைப் பற்றியது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், கையில் குழந்தை. கண்டாச்சிபுரத்திலிருந்து அத்தை வந்து எங்களோடு தங்கினால்தான் பிழைப்பு ஓடும். அவரோ ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாடி பால் காய்ச்சணும். நல்லாப் பொங்குச்சின்னா இருக்கறேன். பொங்கலன்னா அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போய்க்கினே இருப்பேன்."

எனவே அன்று எந்தப் பிசகும் வரக்கூடாது என்று வேனில் ஏறும்போதே சட்டம் போட்டேன். எல்லோருடைய போனும் அணைக்கப்பட்டு என் பைக்குள் போனது. வீட்டுக்குள் நுழைந்து பால் பொங்கும்வரை யாரும் பேசக்கூடாது. "இது என்னாடா பேஜாரு" என்றார் அத்தை. பால் பொங்கும்வரை அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

வேன் தெருவில் நின்றது. சாமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் குழந்தையோடு அத்தை. அவருக்குப் பின்னால், தோளில் கேஸ் சிலிண்டரோடு, தரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத நிலையில் என் கணவர். வாசலில் அழகான கோலம், மாவிலைத் தோரணம். அவர்தான் ஆள் வைத்துச் செய்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். (நான்தான் செய்திருக்கிறேன் என்று அவரும் நெகிழ்ந்திருக்கிறார்.) கதவு திறந்தே இருந்தது.

வீட்டுச் சாவி என் பையில் இருந்தது. பூட்டிய கதவு எப்படித் திறந்தது என்று ஓர் எண்ணம் வரத்தான் செய்தது. எண்ணங்கள் மேகம் மாதிரி, வந்தால் போக விட்டுவிடுங்கள் என்று ஆப் சொல்லியிருந்தது. விட்டுவிட்டேன்.

வலது காலை வைத்து உள்ளே போனோம். கொண்டுவந்த அடுப்பில் சிலிண்டரை மாட்டிப் பற்றவைத்தோம். பால் எழும்பி நாலாபக்கமும் வழிந்தது. அத்தையின் கண்ணில் தண்ணீர். "சரிம்மா, இங்கியே இருந்துடறேன்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கணவர் கையில் உடைத்த தேங்காய், மனைவி கையில் பால் சொம்பு. அக்கம்பக்கத்தார் என்று நினைத்து, "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்தேன். அந்த மனிதர் வாங்கி ஒரு வாய் குடித்தார். வெளியே போய் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஏங்க, இது எங்க வூடுங்க" என்றார் மிகவும் மரியாதையாக.

விஷயம் இதுதான். ஒரே மேஸ்திரி அடுத்தடுத்துக் கட்டிய இரட்டை வீடுகள். ஒரே பெயின்ட், ஒரே கேட். கடைத்தெருப் பக்கமிருந்து வந்தால் முதலில் வருவது எங்கள் வீடு. அன்று வேன் ஏரிப் பக்கமிருந்து வந்தது. அவர்களும் அதே முகூர்த்தத்தில் குடிபுக இருந்தவர்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். வெட்கத்தில் நான் அங்கேயே மூச்சை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன்.

அந்த அம்மாள் பெயர் சரோஜா. "எங்க பாலு பொங்கறதுக்குள்ள உங்க பாலு பொங்கிடுச்சே" என்று அழ ஆரம்பித்தார். அத்தைதான் அடுப்பைத் துடைத்தார். "அழாதம்மா. ராகு காலம் வந்துடப் போவுது, ஜல்தியா வை" என்று அவர்கள் பாலை ஏற்றினார். அதுவும் ஜோராகப் பொங்கியது. அது பொங்கி அடங்கியதும் ராகு காலம் தொடங்கிவிட்டது. இனி அது முடியும்வரை எங்கள் வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சரோஜாவுக்குச் சொந்த ஊர் ஒலக்கூர் பக்கம். பேசிப் பேசி இருவரும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிட்டார்கள்.

மதியம் எங்கள் வீட்டைத் திறந்து, மிச்சமிருந்த அரை டம்ளர் பாலை அண்டா மாதிரி இருந்த பாத்திரத்தில் ஊற்றினேன். நானும் என் கணவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அது பொங்கவில்லை. அடிப்பிடித்தது.

அத்தை அடுத்த பஸ்ஸுக்குப் போகவில்லை. சொன்ன சொல்லையும் மாற்றவில்லை. இரவு எங்கள் வீட்டில் படுக்கிறார். விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கேதான் சீரியல், அங்கேதான் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரிப்பது, என்னைப் பற்றிய புகார்களும் அங்கேதான். ஊரிலிருந்து யாராவது போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்:

"என் வூட்டுலதான் கீறேன். மருமவதான் பக்கத்து வூட்டுல குடியிருக்குது."