நடுநிலைக் கடல்

உலகக் கலை வரலாற்றில் செஞ்சிக்கு உரிய இடத்தை இதுவரை யாரும் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை, பேருந்து நிலையச் சுவருக்கென்றே கூடிய 'எழில் மேம்பாட்டுக் குழு'வைச் சேரும்.

ஊரைச் சுற்றிப் பாறை. பார்த்துப் பார்த்து மக்கள் சலித்துவிட்டதாகக் குழு 'ஆய்ந்து' கண்டது. ஆகவே கடலோரக் கிராமம் ஒன்றை வரைய, ஓவியம் படித்த நஜ்மாவை அழைத்தது. அவளுக்கு அது முதல் பெரிய சுவர். சோறு தண்ணி மறந்து வரைந்தாள். கோடே கிடையாது, வெளிச்சம் விழுகிற மாதிரி தீற்றல் தீற்றலாக அலை, குடிசை, படகு.

"இதுக்குப் பேரு இம்ப்ரஷனிசம் சார்."

"நமக்கும் நல்ல இம்ப்ரஷன்தான் வேணும்" என்று தலைவர் பாண்டுரங்கன் அங்கேயே ஒப்புதல் வழங்கினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் குழு பார்வையிட வந்தது.

"இன்னாம்மா, கடல் ரோஸா இருக்குது?" என்றார் உறுப்பினர் பச்சமுத்து.

"சாயங்கால வெளிச்சம் சார்."

"நாங்க தொறக்கறது காலைல பத்து மணிக்கு. அப்ப ஏதும்மா ரோஸு? புள்ளி புள்ளியா வேற இருக்குது."

"தள்ளி நின்னு பாருங்க சார், கடலாயிடும்."

குழு தள்ளிப் போனது. சாலையைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போனது. அங்கே வடை சூடாக இருந்ததால் கலை ஆய்வு சற்று நீண்டது.

அந்தத் தூரத்தில்தான் விபரீதம் தெரிந்தது. படகு ஒரு கட்சியின் கொடியாகவும், கூரை எதிர்க்கட்சியின் கரைவேட்டியாகவும், அலை போன தேர்தலில் டெபாசிட் இழந்த கட்சியாகவும் தெரிந்தன. நிறத்தைப் பார்த்தால் நிறம் மட்டும் தெரிய நாம் என்ன வெளிநாட்டுக்காரர்களா?

"பொதுச் செவுத்துல கட்சி வரக்கூடாதும்மா. நாம நடுநிலை" என்றார் பாண்டுரங்கன்.

படகை அழித்தார்கள். பிறகு கூரை. பிறகு அலை. வானத்தையாவது விடச் சொல்லி நஜ்மா கெஞ்சினாள். வானமும் யாருக்கோ சொந்தமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் சுவர் முழுக்க வெள்ளை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வெள்ளைச் சுவருக்கு நாடா வெட்டினார்கள். 'கடலோரக் கிராமம்' என்று பலகையும் இருந்தது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

கூட்டம் கலைந்ததும் பாண்டுரங்கன் நஜ்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"வருத்தப்படாதம்மா, உனக்கு நல்ல கை. அதே செவுத்துல என் பேரையும் கட்சி பேரையும் கொட்டை எழுத்துல எழுதிடு. அடுத்தவன் வந்து ரிசர்வ் பண்றதுக்குள்ள முடிச்சிடணும்."

"எந்தக் கலர்ல சார்?"

பாண்டுரங்கன் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறும்மா. ரெண்டு கட்சியோடயும் பேச்சுவார்த்தை போயிட்டிருக்குது."